வெந்நீர் போட்டது யார்?

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில், கார்த்திகை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேசியவர் 1974–77 இயற்பியல் வகுப்பு மாணவி. மேல்நிலைப் பள்ளி ஆசிரியையாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர்.)



செயலர் போன் செய்து, "டீச்சர், நீங்க ஒரு இருபது நிமிஷம் பேசணும்" என்றார். "எதைப் பத்தி?" என்று கேட்டேன். "எதைப் பத்தி வேணும்னாலும் பேசுங்க. வேலைவாய்ப்பு, தன்னம்பிக்கை, இந்த ரெண்டை மட்டும் விட்டுடுங்க. அதுக்கு வேற ஆள் போட்டாச்சு" என்றார். ரொம்ப நல்லதாகப் போயிற்று. எனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றைப் பற்றிப் பேசலாம் என்று வந்துவிட்டேன். வீட்டைப் பற்றி. அதிலும், பனிக்காலம் வந்துகொண்டிருக்கும்போது ஒரு வீட்டுக்குள் என்னென்ன நடக்கிறது என்பதைப் பற்றி.

"இது என்ன ஊட்டியா? நம்ம ஊர்ல என்ன பெரிய குளிர்?" என்று கடைசி வரிசைத் தம்பிகள் சிரிப்பது எனக்குத் தெரிகிறது. நியாயம்தான். நம் காவிரிக் கரையில் மார்கழி விடியற்காலையில்கூட வெப்பநிலை பெரும்பாலும் இருபது டிகிரிக்குக் கீழே இறங்குவதில்லை. டொராண்டோவில் இருந்து வந்திருக்கும் நம் நண்பர் அதைக் கேட்டால், "அங்க அது எங்களுக்கு வெயில் காலம்" என்பார். ஆனால் நம் முன்னோர் ஆண்டை ஆறு பொழுதாகப் பிரித்தபோது அதில் மூன்றைக் குளிருக்குக் கொடுத்தார்கள். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. பாதி ஆண்டு! வெயிலிலேயே பழகிய உடம்புக்குச் சின்னக் குளிரும் பெரிய குளிர்தான் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

இந்தக் குளிர் வருவதை வானிலை அறிக்கைக்கு முன்னால் வீடு சொல்லிவிடும். குளியலறை அலமாரியில் இருக்கும் தேங்காய் எண்ணெய் பாட்டிலைப் பாருங்கள். தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரியில் உறையும். ஆகவே ஒரு நாள் காலையில் பாட்டிலைக் கவிழ்த்தால் எண்ணெய் வராது. அன்றைக்கு இரவு வீட்டுக்குள் 24 டிகிரிக்குக் கீழே போயிருக்கிறது என்று பொருள். என் வகுப்புப் பிள்ளைகளிடம், "உங்க வீட்டுல காசு கொடுக்காம ஒரு தெர்மாமீட்டர் இருக்கு, தெரியுமா?" என்று இதைத்தான் சொல்லுவேன்.

அடுத்தது இட்லி மாவு. கோடையில் நாலைந்து மணி நேரத்தில் பாத்திரத்தை விட்டு வெளியே எட்டிப் பார்க்கும் மாவு, இப்போது விடிந்தும் எழும்பாது. நுண்ணுயிரிகளுக்கும் குளிருகிறது, சோம்பேறியாகிவிடுகின்றன. தயிர் தோயாது. துவைத்த துணி இரண்டு நாள் கொடியில் கிடந்தாலும் ஈர வாசனை போகாது. ஏனென்றால் நம் ஊரில் பனிக்காலத்துக்கு முன்னால் மழைக்காலம் வருகிறது. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் கிட்டத்தட்டப் பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழைதான். ஈரம் போகாமலே குளிர் வந்து சேருகிறது. இரண்டையும் ஒன்றாகச் சமாளிக்க வேண்டியது வீடு.

இன்னொரு விஷயம். ஆண்டிலேயே மாலை மிகச் சீக்கிரம் இருட்டுவது எப்போது என்று கேட்டால், எல்லோரும் டிசம்பர் 21, 22 என்பீர்கள். பகல் மிகக் குறைவாக இருப்பது அன்றைக்குத்தான். நம் ஊரில் பதினொன்றரை மணி நேரம். ஆனால் சூரியன் மிகச் சீக்கிரம் மறைவது அன்றைக்கு அல்ல. நம் பக்கத்தில் அது நவம்பர் மூன்றாவது, நான்காவது வாரத்திலேயே நடந்துவிடுகிறது. அதாவது இந்தக் கார்த்திகையில். வாசலில் அகல் வரிசையாக வைக்கிறோமே, அந்த மாதத்தில். அதனால்தான் வைத்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. பொருத்தம் அழகாக இருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன்.

அதேபோல, ஆண்டிலேயே மிகத் தாமதமாக விடிவது மார்கழியில் அல்ல. பொங்கல் முடிந்து, கரும்புச் சக்கையைக் கூட்டித் தள்ளிய பிறகும், சூரியன் இன்னும் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் தள்ளிக்கொண்டேதான் போகும். ஜனவரி கடைசி வாரத்துக்குப் பிறகுதான் திரும்பும். பூமியின் அச்சு சாய்ந்திருப்பதும், அதன் பாதை சரியான வட்டமாக இல்லாததும் இதற்குக் காரணம். "சரி டீச்சர், இது தெரிஞ்சு என்ன ஆகப்போகுது?" என்றால், ஒருவருக்கு இது முக்கியம். வீட்டில் முதலில் எழுபவருக்கு. அவர் எழும்போது வெளியே எவ்வளவு இருட்டு என்பது இந்தக் கணக்கில் இருக்கிறது. நாம் எழும்போது அவர் விளக்கைப் போட்டுவிட்டிருப்பார். ஆகவே நமக்கு இந்தக் கணக்கு தேவைப்படுவதில்லை.

நான் இன்றைக்குப் பேச வந்தது அந்த முதலில் எழுபவரைப் பற்றித்தான்.

எனக்குக் கல்யாணமாகி நான் போன வீட்டில் எட்டுப் பேர். மாமனார், மாமியார், என் கணவர், நான், இரண்டு கொழுந்தனார், ஒரு நாத்தனார், என் கைக்குழந்தை. கொல்லைப்புறத்தில் கிணற்றடியை ஒட்டி ஒரு வெந்நீர் அடுப்பு; அதன்மேல் பெரிய பித்தளைத் தவலை. மாமியார் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து வெந்நீர் போடுவார்கள். நான் இயற்பியல்காரி ஆயிற்றே, ஒரு நாள் உட்கார்ந்து அதற்குக் கணக்குப் போட்டேன். நீங்களும் போட்டுப் பாருங்கள்.

ஒரு வாளி 20 லிட்டர். ராத்திரியே இறைத்து வைத்து ஆறிப்போன தண்ணீர் 25 டிகிரி. அதை 40 டிகிரிக்குக் கொண்டுவர வேண்டும். இருபதை 4.2-ஆல் பெருக்கி, அதைப் பதினைந்தால் பெருக்கினால் 1,260 கிலோஜூல். காய்ந்த விறகு ஒரு கிலோ எரிந்தால் ஏறத்தாழ 15,000 கிலோஜூல் கிடைக்கும். ஆனால் திறந்த அடுப்பில் அத்தனையும் தவலைக்கா போகிறது? கொல்லைக்குப் போகும், புகையில் போகும், ஊதுகிறவர் முகத்துக்குப் போகும். பத்தில் ஒரு பங்கு தண்ணீருக்குப் போய்ச் சேர்ந்தது என்று வைத்துக்கொண்டால் 1,500. ஆக, ஒரு வாளிக்கு ஏறக்குறைய ஒரு கிலோ விறகு. எங்கள் வீட்டுக்கு ஒரு நாளைக்கு ஏழு வாளி. எட்டுப் பேருக்கு ஏழு வாளிதானா என்கிறீர்களா? அந்த எட்டாவது வாளிக்குப் பிறகு வருகிறேன். ஏழு கிலோவை மார்கழி, தை இரண்டு மாதத்துக்கு அறுபது நாளால் பெருக்குங்கள். 420 கிலோ.

அந்த நானூற்றுச் சொச்சம் கிலோவும் கடையில் வாங்கிய விறகு இல்லை. தென்னை மட்டை, பாளை, பன்னாடை, கொட்டாங்கச்சி, வேலியில் கழித்த கிளை, வரட்டி. ஆவணி புரட்டாசி வெயிலிலேயே பொறுக்கிக் காயவைத்து, ஐப்பசி மழை பிடிக்கும் முன் மாட்டுக் கொட்டகைப் பரணில் ஏற்றி அடுக்கிவிட வேண்டும். ஈர விறகு எரியும்போது அதிலுள்ள தண்ணீரை ஆவியாக்கவே கொஞ்சம் சூடு போய்விடும், புகையும் கூடும். ஆக, மார்கழியில் நாங்கள் தலையில் ஊற்றிக்கொண்ட வெந்நீர், உண்மையில் புரட்டாசியிலேயே போட ஆரம்பித்த வெந்நீர். இதை யாரும் மாமியாரிடம் சொல்லிக் கொடுக்கவில்லை. ஒரு நோட்டிலும் எழுதி வைத்திருக்கவில்லை. பழைய கம்பளியை எப்போது வெயிலில் போடுவது, சுக்கை எப்போது இடித்து வைப்பது, நொச்சி எந்த வேலியில் இருக்கிறது, தீப்பெட்டியை எந்த டப்பாவில் போட்டால் நமுத்துப் போகாது, எல்லாம் அவர்கள் தலைக்குள்ளேயே இருந்தன.

இப்போது எட்டாவது வாளி. மாமியார் அந்த வெந்நீரில் குளித்து நான் பார்த்ததில்லை. நாலு மணிக்கு அடுப்பை மூட்டிவிட்டு, கிணற்றிலிருந்து இறைத்து அப்படியே ஊற்றிக்கொள்வார்கள். கேட்டால், "கெணத்துத் தண்ணி இப்ப வெதுவெதுன்னுதாம்மா இருக்கும்" என்பார்கள். அதில் உண்மையும் உண்டு. நிலத்தடி நீரின் வெப்பநிலை கோடைக்கும் பனிக்கும் அதிகம் மாறாது. வெளிக்காற்று குளிர்ந்திருக்கும்போது புதிதாக இறைத்த தண்ணீர் கைக்கு இதமாகத்தான் இருக்கும். ஆனால் ஊற்றிக்கொண்ட பிறகு? ஈர உடம்பில் காற்றுப் பட்டால் தண்ணீர் ஆவியாகி உடம்புச் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். அந்தப் பாதியை அவர்கள் சொல்லமாட்டார்கள்.

1986 மார்கழியில் மாமியாருக்குக் கடுமையான சளிக் காய்ச்சல். பத்து நாள் படுக்கை. முதல் நாள் காலை கொல்லைப்புறம் இருட்டாகக் கிடந்தது. கொழுந்தனார்கள் பச்சைத் தண்ணீரில் கத்திக்கொண்டே குளித்துவிட்டு ஓடினார்கள். எனக்குக் கையில் குழந்தை, அடுப்பில் சமையல், எட்டரைக்குப் பள்ளிக்கூட பஸ். மறுநாள் விடியற்காலையில் கொல்லையில் ஒரே புகை. எட்டிப் பார்த்தால் மாமனார்! தாலுகா ஆபீசில் முப்பத்தைந்து வருஷம் ஃபைல் பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடுப்பு முன்னால் குந்தியிருக்கிறார். ஒரு தீப்பெட்டி காலி. கண்ணெல்லாம் சிவப்பு. உள்ளே படுத்திருந்த மாமியார் ஜன்னல் வழியாகச் சொல்கிறார்கள்: "என்னங்க, மட்டையை மேல வைங்க. பன்னாடையை அடியில குடுங்க. ஊதாதீங்க, அதுவா பிடிக்கும்."

பிடித்தது. அன்றைக்கு முதல் வாளியை அவர் யாருக்கும் கொடுக்கவில்லை. ஒரு சொம்பு வெந்நீரும் துண்டும் எடுத்துக்கொண்டு நேராக மாமியார் கட்டிலுக்குப் போனார்.

காய்ச்சல் விட்டு மாமியார் எழுந்த பிறகும் அவர் அந்த வேலையைத் திருப்பிக் கொடுக்கவில்லை. "தெருவுல பாக்கிறவங்க என்ன சொல்லுவாங்க, விடுங்க" என்று மாமியார் சண்டை போட்டார்கள். "எனக்கு எப்படியும் நாலு மணிக்கு முழிப்பு வந்துடுது. நீ படு" என்றார். தெருவில் கேலி செய்யத்தான் செய்தார்கள். அதற்குப் பிறகு 1999-இல் அவர் காலமாகும் வரை பதிமூன்று பனிக்காலம் அவர்தான் வெந்நீர் போட்டார். தவலையில் எட்டு வாளி காய்ந்தது.

நான் பழைய காலத்துப் பெருமை பேச வரவில்லை. விறகடுப்பு போனதில் எனக்குத் துளியும் வருத்தம் கிடையாது. அந்தப் புகை எத்தனை பெண்களின் நெஞ்சைக் கெடுத்தது என்று எனக்குத் தெரியும். இப்போது எங்கள் வீட்டில் கீசர் இருக்கிறது. அதே 1,260 கிலோஜூலுக்கு மூன்றில் ஒரு பங்கு யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே மின்சாரம் செலவாகிறது. 2,000 வாட் கீசரில் பத்துப் பதினொரு நிமிஷம். நல்லதுதானே? ஆனால் ஒன்று கவனித்தீர்களா? சுவிட்ச் போடுகிற வேலைதான் சுலபமாயிற்று. பனிக்கு முன்னால் வீட்டை யோசித்து வைக்கிற வேலை அப்படியேதான் இருக்கிறது; ஆள் மாறியிருக்கிறார், அல்லது ஆளே இல்லை.

இன்றைய ஐப்பசி வேலை என்னென்ன என்று சொல்கிறேன். மாணவர்கள் குறித்துக்கொண்டாலும் சரி.

ஒன்று, பாசி. மழை பெய்த கொல்லை, குளியலறை வாசற்படி, மாடிப்படி எல்லாம் வழுக்கும். வயதானவர் ஒரு முறை விழுந்தால் இடுப்பெலும்பு முறியும். அதற்குப் பிறகு பலரால் பழையபடி நடக்க முடிவதில்லை. ஒரு பிளீச்சிங் பவுடர் பொட்டலமும், ஒரு தென்னந்துடைப்பமும், அரை மணி நேரமும் போதும்.

இரண்டு, கொசு. டெங்குவைப் பரப்பும் கொசு பகலில் கடிக்கும்; சாக்கடையில் அல்ல, நல்ல தண்ணீரில் முட்டையிடும். முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஏழிலிருந்து பத்து நாள் போதும். ஆகவே வாரத்துக்கு ஒரு நாள் தொட்டி, டிரம், ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு எல்லாவற்றையும் கவிழ்க்க வேண்டும். கவிழ்த்தால் மட்டும் போதாது. அதன் முட்டை பாத்திரத்தின் சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் சாகாது. தேய்த்துக் கழுவ வேண்டும்.

மூன்று, சூடு செய்கிற சாதனங்கள். ஹாஸ்டல் பிள்ளைகளே, வாளிக்குள் போடும் ஹீட்டர் கம்பி உங்களில் பாதிப் பேரிடம் இருக்கிறது. வார்டன் சாருக்கும் அது தெரியும். சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி எடுத்த பிறகுதான் தண்ணீரில் விரல் வைக்க வேண்டும். மலைப் பக்கம் சுற்றுலா போகிறவர்கள் அறைக் கதவை மூடிக்கொண்டு உள்ளே கரி அடுப்பு வைத்துத் தூங்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். காற்றோட்டம் இல்லாத குளியலறையில் கேஸ் கீசரும் அப்படித்தான்.

நான்கு, புயல். நமக்குக் கூதிர் காலம் என்றாலே புயல் காலம். 1977 நவம்பர் 12 நாகைப் புயலை என் வகுப்புக்காரர்கள் மறக்க மாட்டார்கள். நாங்கள் பட்டம் முடித்த ஆண்டு அது. மாணவர்களுக்கு 2018 நவம்பர் 16 கஜா நினைவிருக்கும். வேதாரண்யம் பக்கம் கரையேறி லட்சக்கணக்கான தென்னைகளைச் சாய்த்துவிட்டுப் போயிற்று. கரண்ட் இல்லை, கரண்ட் இல்லாததால் மோட்டார் இல்லை, மோட்டார் இல்லாததால் தண்ணீர் இல்லை. அன்றைக்குப் பெரியவர்கள் பட்ட பெரிய கஷ்டம் எது தெரியுமா? பிரஷர், சர்க்கரை மாத்திரை தீர்ந்துபோனது. ஐப்பசி பிறந்தால் பதினைந்து நாள் மாத்திரை கையிருப்பு, ஒரு டார்ச், மூடி போட்ட குடத்தில் குடிதண்ணீர். இவ்வளவுதான்.

ஐந்து, உடம்பு. குளிரில் தோலுக்கு அடியில் இருக்கும் ரத்தக் குழாய்கள் சுருங்கும். ரத்த அழுத்தம் ஏறும். வயதானவர்களுக்குத் தாகம் தெரிவது ஏற்கெனவே குறைவு. குளிரில் இன்னும் குறையும். ஆகவே தண்ணீர் குடிக்கவே மறந்துவிடுவார்கள். மிளகு ரசமும் சுக்கு மல்லிக் காபியும் நல்லதுதான். ஆனால் விடியற்காலைப் பனியில் நடைப்பயிற்சி போகிற அப்பாவை, "வெயில் வரட்டும், ஏழு மணிக்குப் போங்க" என்று நிறுத்துவதும் வைத்தியம்தான்.

இந்த ஐந்தில் எதற்காவது பெரிய பணம் வேண்டுமா? வேண்டாம். பெரிய படிப்பு? அதுவும் வேண்டாம். முன்கூட்டி யோசிக்கிற ஒரு ஆள் வேண்டும். நம் ஊரில் இன்று குறைவாக இருப்பது அந்த ஆள்தான். எங்கள் தெருவில் மாலையில் நடந்துபோனால், வீட்டுக்கு வீடு ஒரே ஒரு அறையில் மட்டும் விளக்கு எரிகிறது. அப்பாவும் அம்மாவும், அல்லது இரண்டு பேரில் ஒருவர் மட்டும். பிள்ளைகள் சென்னையில், பெங்களூரில், டல்லாஸில். குறையாகச் சொல்லவில்லை. "படி, போ, முன்னேறு" என்று வகுப்பில் நின்று முப்பது வருஷம் சொன்னவர்களில் நானும் ஒருத்தி. நீங்கள் போனதில் எங்களுக்குப் பெருமை.

வெளிநாட்டில் இருந்து வந்திருக்கும் நண்பர்களுக்கு ஒரு சின்னச் செய்தி. அமெரிக்காவின் பெரும்பகுதியில் நவம்பர் முதல் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி பின்னால் தள்ளி வைக்கிறார்கள். நியூயார்க்கில் இருக்கும் மகன் வழக்கம்போல அங்கே காலை ஒன்பதரைக்குக் கூப்பிட்டால், அதுவரை இங்கே மாலை ஏழு மணிக்கு வந்த போன் அன்று முதல் எட்டு மணிக்கு வரும். அவனுக்கு ஒன்றும் மாறவில்லை. இங்கே அம்மா ஏழு மணிக்கே செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு ஹாலில் உட்கார்ந்திருப்பார். ஆண்டிலேயே சீக்கிரம் இருட்டுகிற மாதம் வேறு. அந்த ஒரு மணி நேரத்தில் அந்த அம்மா என்னென்ன நினைப்பார் என்று பெற்றவர்களுக்குத்தான் தெரியும். முதல் நாளே, "அம்மா, நாளையிலிருந்து எட்டு மணிக்குத்தான் கூப்பிடுவேன்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

போன் செய்யும்போது, "சாப்பிட்டீங்களா, நல்லா இருக்கீங்களா" என்று மட்டும் கேட்டால், "சாப்பிட்டோம், நல்லா இருக்கோம்" என்றுதான் பதில் வரும். எங்களுக்குப் பழகிப்போன பதில் அது. கிணற்றுத் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கிறது என்பது மாதிரி. கேள்வியை மாற்றுங்கள். "கொல்லைப் படியில பாசி இருக்கா? கீசர் வேலை செய்யுதா? கம்பளியை வெயில்ல போட்டாச்சா? மாத்திரை எத்தனை நாளைக்கு இருக்கு, எண்ணிச் சொல்லுங்க" என்று கேளுங்கள். அப்போதுதான் உண்மை வரும்.

ஓர் இயற்பியல் ஆசிரியை என்ற முறையில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். பூமி சூரியனுக்கு மிக அருகில் போவது எந்த மாதம்? கோடையில் என்று நினைப்பீர்கள். இல்லை. ஜனவரி முதல் வாரத்தில். ஜூலையில் இருப்பதைவிட ஏறத்தாழ 50 லட்சம் கிலோமீட்டர் நெருங்கி வந்துவிடுகிறோம். இருந்தும் குளிருகிறது. ஏனென்றால் அப்போது நம் பாதிப் பூமி சூரியனுக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு சாய்ந்திருக்கிறது. வெயில் சாய்வாக விழுகிறது, பகலும் குறைகிறது. நெருக்கம் மட்டும் சூடு தராது. எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறோம் என்பதுதான் கணக்கு. டல்லாஸில் இருக்கும் பிள்ளை அம்மா பக்கம் திரும்பியிருக்கலாம். அடுத்த அறையில் இருக்கிற பிள்ளை செல்போன் பக்கம் திரும்பியிருக்கலாம். தூரத்தை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

இனி, கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். நம் சங்கம் ஆண்டுதோறும் பரிசு கொடுக்கிறது, உதவித்தொகை கொடுக்கிறது, மலர் போடுகிறது. எல்லாம் நல்ல காரியம். இதோடு ஒரு ஞாயிற்றுக்கிழமையையும் சேர்த்துக்கொள்ள வேண்டுகிறேன். நாட்டு நலப்பணித் திட்டம் 1969 முதல் நம் நாட்டில் இருக்கிறது. நம் கல்லூரியிலும் நல்ல அணி இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் ஐப்பசி முதல் ஞாயிறு அன்று, இந்த ஊரில் தனியாக இருக்கும் பழைய மாணவர்களின் பெற்றோர் வீடு, ஓய்வு பெற்ற பேராசிரியர்கள் வீடு, நம் ஆபீஸ் ஊழியர்கள், ஹாஸ்டல் சமையல்காரர்கள் வீடு, இவற்றுக்கு இரண்டிரண்டு மாணவர்களாகப் போகட்டும். வீட்டுக்கு ஒரு மணி நேரம். பாசியைத் தேய்க்கட்டும். தண்ணீர்த் தொட்டியைக் கழுவட்டும். பல்பும் டார்ச்சும் பார்க்கட்டும். பரணில் இருந்து கம்பளியை இறக்கிக் கொடுக்கட்டும். மாத்திரையை எண்ணட்டும். பட்டியலைச் சங்கம் தயார் செய்யட்டும். வெளியூர் உறுப்பினர்கள் முகவரியைக் கொடுத்து, முதல் நாளே வீட்டுக்குப் போன் செய்து, "நம்ம காலேஜ் பிள்ளைங்க வருவாங்க, கதவைத் திறங்க" என்று சொல்லிவிடட்டும்.

இதை யாரும் தருமம் என்று நினைக்க வேண்டாம். போகிற பிள்ளைகளுக்கும் கைநிறையக் கிடைக்கும். எந்த வேலியில் நொச்சி இருக்கிறது, எந்த டப்பாவில் தீப்பெட்டி நமுக்காது என்பதெல்லாம் அந்த வீட்டுப் பாட்டிகளின் தலையில் இருக்கிறது. எழுதி வைக்காத பாடம் அது. கேட்டு வாங்கிக்கொள்ள இன்னும் சில பனிக்காலங்கள்தான் பாக்கி.

மாணவர்களிடம் கடைசியாக ஒன்று. நாளைக் காலை உங்கள் வீட்டில், ஹாஸ்டலாக இருந்தால் ஹாஸ்டலில், முதலில் எழுந்தது யார் என்று பாருங்கள். அம்மாவாக இருக்கலாம், பாட்டியாக இருக்கலாம், மெஸ் அண்ணனாக இருக்கலாம், ராத்திரி முழுக்கக் கேட்டில் பனியில் நின்ற வாட்ச்மேன் தாத்தாவாக இருக்கலாம். அவருக்கு ஒரு வாளி வெந்நீர் மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், மறுநாள் அவருக்கு முன்னால் எழுந்திருங்கள். ஆண்பிள்ளைகளும்தான்! என் மாமனார் அறுபது வயதுக்கு மேல் கற்றுக்கொண்டதை நீங்கள் இருபதிலேயே கற்றுக்கொள்ளலாம்.

எனக்குக் கொடுத்த இருபது நிமிஷம் தாண்டிவிட்டது என்று செயலர் கடிகாரத்தைக் காட்டுகிறார். ஞாயிற்றுக்கிழமைத் திட்டத்துக்குப் பெயர் கொடுக்க விரும்புகிறவர்களுக்காக வாசல் மேஜையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் கையெழுத்துப் போட்டுவிட்டால், சாப்பாடு இன்னும் ருசிக்கும்.